குளிக்காத தலைக்குச் சந்தனம்

காலை ஆறு ஐம்பதுக்கு முதல் மொட்டைத் தலை வந்தது.

ஒரு வயதுக் குழந்தை. அப்பாவின் தோளில் அழுதுகொண்டு வந்தது. தமிழ்செல்வி கிண்ணத்தில் விரல்களைத் தோய்த்து, உச்சியிலிருந்து பிடரி வரை சந்தனம் தடவினாள். பாதி தடவுவதற்குள் குழந்தையின் அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இங்கா ஸ்நானம் செய்யலேதம்மா!"

இன்னும் குளிப்பாட்டவில்லையாம். தலையில் ஈரமே இல்லை. முடித் துணுக்குகள் சந்தனத்தோடு குழைந்து விரலில் ஒட்டியிருந்தன. மழித்த தலை குழாயடியில் குளித்த பிறகுதான் சந்தனத்துக்கு வரும். திருத்தணியில் இது தெரியாதவர் கிடையாது. மலையடிவாரத்துக் குளத்தங்கரையில் ஐந்து வருடமாகச் சந்தனம் பூசிப் பிழைக்கிறவள் செய்கிற தப்பா இது?

அந்த அம்மா தெலுங்கில் இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போனாள். தமிழ்செல்விக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் உறைக்கவில்லை. குழந்தை அழுததுகூடத் தூரத்தில் எங்கோ கேட்டது போலத்தான் இருந்தது.

இது அவளுக்கு ஏழாம் மாதம். உள்ளே பிள்ளை உதைக்கிறது. அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போல இருக்கிறது அவளுக்கு. தூக்கம் போய் வெகுநாளாயிற்று. சோறு இறங்கவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைத் தலைகளைத் தொடுகிற கை, தன் வயிற்றைத் தொட மறுத்தது. நான் இல்லாமல் போனால் தேவலை என்று குளத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. கணவன் தணிகைவேல் நல்லவன். ஆட்டோவில் ஏறுகிற எல்லோரிடமும் முருகன் கொடுத்த பிள்ளை என்று சொல்லித் திரிகிறான். அவனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

பக்கத்துக் கூடைக்காரி கவுசர் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலைக்குத் தொப்பி விற்கிறவள். சந்தனம் காய்ந்ததும் தலைகள் அவளிடம்தான் போகும். அரக்கோணத்திலிருந்து முதல் ரயிலுக்கு வந்துவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா செல்வி, இனிமே முடியோட வர்றவங்களுக்கும் பூசுவியா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள் தமிழ்செல்வி. அழுகை வந்தது.

கவுசர் கூடையைத் தள்ளிவிட்டு நகர்ந்து வந்தாள்.

"எம் புள்ள ஆசிம் வயித்துல இருக்கசொல்லோ நான் ஒருத்தருக்குத் தொப்பி மாட்டிட்டேன். பெரிய மனுசன். தல நெறைய முடி. மொட்டையே போடல, சும்மா சாமி கும்புட வந்தவரு. தொப்பியோட பத்தடி போயிட்டுத் திரும்பி வந்து, ஏம்மா, என் தலைக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கறாரு."

"நீ இன்னாக்கா சொன்ன?"

"உங்க தலைக்கு ஒண்ணும் ஆவல, எனக்குத்தான் ஆயிடுச்சின்னு சொன்னேன். சொல்லிட்டு அழுதேன்."

தமிழ்செல்வியின் கண் குளத்துக்குப் போனதைக் கவுசர் பார்த்தாள்.

"தூங்கறியா?"

"இல்லக்கா."

"செத்துப் போலாம்னு தோணுதா?"

தமிழ்செல்வி கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஆங்."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கவுசர் முகம் மாறவில்லை. "எனக்கும் தோணிச்சி" என்றாள். "பெரியாஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா கீறாங்க. புள்ளத்தாச்சிங்கள ஒக்கார வச்சி, மனசுக்கு இன்னான்னு கேப்பாங்க. நானும் அவங்களாண்டதான் போனேன். இன்னிக்குச் செவ்வாக்கெழம, இருப்பாங்க. கெளம்பு."

செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள். கரையில் கூட்டம் குவியும். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் செவ்வாய்தான். அதனாலேயே இரண்டு மாதமாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் காலை இடம் காலியாகக் கிடந்தால் மறுநாள் அங்கே வேறொருத்தி கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

"எடம் போயிடும்க்கா."

"நான் ஒக்கார்றேன். சந்தனமும் நானே பூசறேன்."

"நீயா?"

"ஏன், முருகன் கோச்சுக்குவாரா? எத்தினி வருசமா அவரு மொட்டைங்களுக்குத் தொப்பி மாட்டிகினு கீறேன். அவருக்கு என்னைத் தெரியும். நீ போ."

போனாள். அந்த டாக்டரம்மாவிடமும் கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்ததால் இரண்டாம் தடவை அத்தனை கஷ்டமாக இல்லை. இது ஒரு நோய், நிறையப் பேருக்கு வரும், குணமாகும், வாராவாரம் வா, இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தணிகைவேல் நிறுத்திய ஆட்டோவில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அடுத்த செவ்வாய் அவனே கூட்டிப் போனான்.

அந்த முதல் செவ்வாய் மதியம் அவள் கரைக்குத் திரும்பியபோது, கவுசரின் முழங்கை வரை சந்தனம் அப்பியிருந்தது. எதிரே போன தலைகளில் எல்லாம் தோசை மாவு கணக்காக ஊற்றியிருந்தாள்.

"ஒரு வாரத்துச் சந்தனம்க்கா."

"உன்ன மாதிரி தொட்டுத் தொட்டு வைக்க எனக்கு வராதுடி. கேட்டவங்க எல்லாம் சந்தோசமாத்தான் போனாங்க."

அவளுடைய தொப்பிக் கூடை, காலையில் தள்ளி வைத்த இடத்திலேயே தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஒரு முடிச்சுகூட அவிழ்க்கவில்லை.

இது ஐந்தாவது செவ்வாய். இப்போது தூக்கம் வருகிறது. சோறு இறங்குகிறது. சில நாள் பழையபடி மனசு கனக்கிறது, மறுநாள் விடுகிறது. இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் பிள்ளை உதைத்தது. கை தானாகவே வயிற்றுக்குப் போயிற்று. ஆட்டோவில் அதைத் தணிகைவேலிடம் சொல்லவில்லை. முதலில் கவுசரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

கவுசர் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடை, இந்தச் செவ்வாயும் மூடியபடியே. தமிழ்செல்வி அதைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, ஆசிம் வயித்துல இருக்கசொல்லோ நீ ஆஸ்பத்திரிக்குப் போனப்போ, உன் கூடைய யாருக்கா பாத்துகினாங்க?"