கொஞ்சம் கம்மி, ரொம்பக் கம்மி

கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: காளான் வளர்க்கும் எழிலரசி, அவள் கணவன் திருமலை, ஈரத்தைக் கவனிக்கும் கருவியைப் பொருத்திய இனியன். நான்காவதாக, கருகிப்போன பம்பு.

பௌர்ணமி நண்பகல். அடி அண்ணாமலைச் சாலையில் கிரிவலக் கூட்டம் இன்னும் சேரவில்லை. உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு முளைத்திருந்த மொட்டுகள் காயத் தொடங்கியிருந்தன. எழிலரசியும் திருமலையும் முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு தண்ணீர் அடித்தார்கள்.

பழைய கருவிக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும்: ஓடு, நில். ஒன்று காளான் நனைந்து அழுகும், இல்லையென்றால் ஓரம் வெடிக்கும். அதனால்தான் இனியனைக் கூப்பிட்டாள். கல்லூரியைப் பாதியில் விட்டவன், ஆலையின் இரவு வேலையிலிருந்தும் துரத்தப்பட்டவன். வேறு யாரும் அவனை நம்பவில்லை. ஃபஸ்ஸி லாஜிக் என்றான்; ஓடு, நில் இரண்டுக்கும் நடுவே ‘கொஞ்சம்’, ‘ரொம்ப’ என்பதையும் கருவிக்குச் சொல்லித்தரும் முறை. காளான் முளைக்கும் பையைத் தொட்டுப் பார்த்து அவள் ‘லேசா காஞ்சிருக்கு’, ‘நல்லா ஈரம்’ என்று சொன்னதையெல்லாம் அப்படியே விதிகளாக எழுதினான். லேசாகக் காய்ந்தால் பம்பு லேசாக ஓடும். முதல் அறுவடை முறம் முறமாக வந்தது.

அந்தத் தெம்பில் தொட்டிக்கும் அதையே எழுதிவிட்டான். தண்ணீர் கம்மியானால் மெதுவாக ஓடு. ரொம்பக் கம்மியானால் இன்னும் மெதுவாக. நில் என்று எங்கும் எழுதவில்லை. தண்ணீர் வற்றினால் பம்பை நிறுத்தத் தொட்டியில் கிடந்த மிதவை சுவிட்சையும் இனி வேண்டாமென்று கழற்றிப் போட்டான்.

கிரிவலம் நடப்பவர்களுக்குத் தண்ணீர் வைக்க, பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருமலை அதே தொட்டியிலிருந்துதான் டிரம்களை நிரப்புவான். இன்றும் நிரப்பினான். தொட்டி வற்றியது. தொட்டியை நிரப்பும் போர்வெல் மோட்டாருக்குக் கரண்ட் சாயங்காலம்தான் வரும். பம்பு காற்றை இழுத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக ஓடி வெந்தது.

“நீயே பாதி இஞ்சினியரு. உன் மெஷினும் பாதிதான் நிக்குது,” என்றான் திருமலை.

“ரொப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா? பேச வந்துட்டாரு,” என்றாள் எழிலரசி.

இனியன் பழைய கருவியைத் தேடி எடுத்து வந்தான். “இதையே மாட்டிட்டுப் போயிடறேன்க்கா.”

“எதுக்கு, திரும்ப அழுகறதுக்கா? ஈரத்துக்கு உன்னுதே இருக்கட்டும். தொட்டில தண்ணி இருக்கா, இல்லியா? அதுல இன்னா கொஞ்சம், ஜாஸ்தி? வூட்டு பம்ப கழட்டிக்கினு வா.”

“பௌர்ணமிக்கு நான் குளிக்க வேணாமா?” என்றான் திருமலை.

“டிரம்முல ஒரு சொம்பு மொண்டுக்கங்க.”

ஆலையில் ஒரு மோட்டார் நின்றதற்கே வெளியே போகச் சொன்னார்கள். இங்கே ஒன்றைக் கருக்கியவனிடம் இன்னொன்றைத் தருகிறார்கள். இனியன் வீட்டு பம்பைக் கழற்றி வந்து பொருத்தினான்.

மிதவையைத் திரும்பக் கட்டினான். சுவிட்சைப் போட்டான், பம்பு அசையவில்லை. தண்ணீர் இல்லையென்றால் மிதவை கரண்டையே வெட்டும், கருவியின் பேச்சைக் கேட்காது. திருமலை முணுமுணுத்துக்கொண்டே டிரம் தண்ணீரைக் குடம் குடமாகத் தொட்டியில் திருப்பி ஊற்றினான். மிதவை எழுந்தது. பனி போலத் தெளிப்பு இறங்கியது.

மொட்டுகள் தப்புமா என்று இனியன் கதவைத் திறந்து பார்த்தான். மறுபடியும் திறந்தான். திறக்கும்போதெல்லாம் அனல் உள்ளே புகுந்தது. கருவி பம்பை முடுக்கியது.

“தம்பி, இப்ப காய வைக்கிறது நீதான்,” என்று எழிலரசி அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். “நானே நம்பறேன், உனக்கு இன்னா? போய் சாப்டு. அடுத்த கொட்டாய்க்கும் நீதான் மாட்டணும்.”

“தேங்க்ஸ்க்கா.”

“போடா.”

அவன் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பதற்குள் அவளும் வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.