போட்டோவுக்குப் பின்னால் எழுதியது

விதாஸ் அந்தச் செய்தியை முட்டை பொரித்துக்கொண்டே சொன்னான். வரும் ஜூன் இருபதாம் தேதி சொந்த ஊருக்கு, லிதுவேனியாவுக்கு, போகிறானாம், திரும்பி வருவதாக இல்லையாம், வீட்டுக்காரரிடம் பேசிவிட்டானாம், சின்ன அறைக்கு அவளே வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது முட்டை இன்னும் வெந்திருக்கவில்லை.

ஜுஸாராவுக்கு முதலில் கோபம் வரவில்லை. போகட்டும், சனி ஒழிந்தது என்றுதான் நினைத்தாள். நாலு வருஷத்துக் கல்யாணத்தில் கடைசி இரண்டு வருஷம் பேருக்குத்தான் புருஷன் பெண்டாட்டி. அயர்லாந்தின் ராஸ்காமனில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் பிரிந்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழேதான் பிரிந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மேல் இரண்டு தட்டு அவளுக்கு, கீழ் இரண்டு தட்டு அவனுக்கு. கீழே பெரிய அறை அவளுடையது, மாடியில் ஒற்றைக் கட்டில் மட்டும் போடக்கூடிய சின்ன அறை அவனுடையது. ஒரே இறைச்சித் தொழிற்சாலையில்தான் இருவருக்கும் வேலை. அவள் எலும்பு எடுக்கும் வரிசையில், அவன் குளிர்க் கிடங்கில். காலையில் ஒரே காரில் போவார்கள், ரேடியோ மட்டும் பேசும்.

"அப்ப விவாகரத்து?" என்று கேட்டாள்.

"போஸ்ட்ல அனுப்பு. அங்கேருந்தே கையெழுத்து போட்டுத் தரேன். இதுல என்ன இருக்கு?"

இதில் என்ன இருக்கிறது என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. நூலகத்தின் மாடியில் வாரம் ஒரு நாள் இலவசமாக வழக்கு ஆலோசனை சொல்வார்கள். அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் நோரீன் ஐம்பது வயதுக்காரி, மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் ஆறிப்போன தேநீர். ஜுஸாராவின் இருப்புரிமை அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கணவர் எப்போது நாட்டை விட்டுப் போகிறார் என்றுதான் முதல் கேள்வி கேட்டாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். பிரேசில்காரியான ஜுஸாரா அயர்லாந்தில் இருப்பது ஐரோப்பியக் குடிமகன் ஒருவனின் மனைவி என்ற உரிமையில். மூன்று வருஷம் தாண்டிய கல்யாணம் என்பதால் விவாகரத்துக்குப் பிறகும் அந்த உரிமையைத் தன் பேரில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மனு நீதிமன்றத்தில் பதிவாகும் நாளில் கணவன் இந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அவன் விமானம் ஏறிய பிறகு மனு போட்டால், போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. அவன் போன அன்றைக்கே அவளுடைய உரிமையும் கூடப் போய்விடும்.

"அப்ப இன்னைக்கே போடறேன்" என்றாள் ஜுஸாரா.

"போடலாம். ஆனா மனு போடற அன்னைக்கு நீங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கணும். இந்த நாட்டுச் சட்டம் அது. என்னைக்குப் பிரிஞ்சீங்க?"

ஜுஸாரா யோசிக்கவே இல்லை. அந்தத் தேதி அவளுக்குப் பச்சை குத்தினதுபோல நினைவிருந்தது. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் இருபத்தைந்து, ஊர் பிரேசில்காரர்கள் புனித யோவான் திருவிழா நடத்திய சனிக்கிழமை.

நோரீன் நாள்காட்டியைப் பார்த்தாள். அவன் போவது இருபதாம் தேதி. ஐந்து நாள் இடித்தது.

கோபம் அப்போதுதான் வந்தது. நூலகப் படிக்கட்டில் இறங்கும்போதே வந்துவிட்டது. எட்டு வருஷம் இந்த ஊரில் குளிர்ந்த மாட்டிறைச்சியில் கை மரத்துப்போக நின்றிருக்கிறாள். அவள் எடுத்த எலும்பைக் குவித்தால் தேவாலய உயரத்துக்கு வரும். அந்த எட்டு வருஷமும் ஒருத்தன் டிக்கெட்டில் இருக்கிற தேதியில் தொங்குகிறதாம். அவனுக்கு என்ன, சட்டைப்பையில் ஓர் அட்டை. இருபத்தேழு நாட்டில் எதில் வேண்டுமானாலும் இறங்கி வேலை கேட்பான், பிடிக்காவிட்டால் பஸ் மாறுவதுபோல நாடு மாறுவான். விட்டுப் போகிறவனுக்கு ஒரு கேள்வி கிடையாது, விடப்பட்டவளுக்குத்தான் தேதி, ஆதாரம், சத்தியம் எல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே கேட்டாள். ஐந்தே நாள் தள்ளிப் போ, டிக்கெட் மாற்றுகிற செலவு என்னுடையது என்றாள்.

அவன் பெட்டியில் காலுறைகளை உருட்டி வைத்துக்கொண்டிருந்தான். முடியாது என்றான். இருபத்துமூன்றாம் தேதி இரவு அவன் ஊரிலும் அதே யோவானுக்கு நெருப்பு மூட்டுவார்கள், ஆறு வருஷமாக அவன் போனதில்லை, அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டாள். அதோடு அவனுக்கு இந்தக் கணக்கே விளங்கவில்லை.

"ஜூன்னு யாரு சொன்னா? நான் மார்ச்லயே சின்ன ரூமுக்குப் போயிட்டேனே."

"பொய் சொல்லாத."

"பாட்ரிக் திருநாள் அன்னைக்கு. ஊரே ஊர்வலத்துல நின்னுச்சு, நான் மெத்தைய மாடிக்கு இழுத்துட்டு இருந்தேன். நீ என்ன ஜூன்னு எண்ணிட்டு இருக்க?"

அவள் கதவை அறைந்துகொண்டு வெளியே வந்தாள். நேரே ஐவோனி வீட்டுக்குப் போனாள். ஐவோனி அவளுடைய ஊர்க்காரி. எலும்பு வரிசையில் பக்கத்துக் கத்தி, ராஸ்காமன் பிரேசில்காரர்களுக்கெல்லாம் கேட்காமலே யோசனை சொல்பவள். ஜுஸாரா விதாஸைப் பத்து நிமிஷம் திட்டினாள். போகும்போதும் பொய் சொல்லிவிட்டுப் போகிறான் பார், மார்ச் மாதமாம், என்று முடித்தாள்.

ஐவோனி பயறு கிளறுவதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"மார்ச்தான்டி. அந்த மெத்தை எங்க வீட்டு மெத்தை. நானும் ஒரு முனைய பிடிச்சேன், அன்னைக்குப் போன இடுப்பு இன்னும் வரல."

ஜுஸாரா உட்கார்ந்துவிட்டாள்.

தெரியாததல்ல. மறந்ததும் அல்ல. மார்ச் பதினேழாம் தேதி அவன் மாடிக்குப் போனதைச் சண்டை என்று மட்டும்தான் அவள் வைத்திருந்தாள். மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தாள். ஜூன் மாதத் திருவிழாவில் வழக்கம்போலப் பொய்க் கல்யாணக் கூத்து வந்தது. குடிகார மாப்பிள்ளை ஓடப் பார்ப்பான், பெண்ணின் அப்பா துப்பாக்கியை நீட்டி இழுத்து வருவார், பாதிரியார் உளறுவார், கூட்டம் சிரித்துச் சாகும். அந்த வருஷம் மாப்பிள்ளையும் பெண்ணுமாக விதாஸையும் ஜுஸாராவையும் நிறுத்தினால் ஃபைலுக்கு நல்லது என்று யோசனை சொன்னவள் இதே ஐவோனிதான்.

ஃபைல் என்றால் கல்யாண ஃபைல். அட்டைக்காகக் கல்யாணம் செய்தவர்களும் வைத்திருப்பார்கள், ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்தவர்களும் வைத்திருப்பார்கள், குடியேற்ற அலுவலகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு பெயரும் போட்ட மின்கட்டண ரசீது, பிறந்தநாள் வாழ்த்து அட்டை, சிரிக்கிற போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்கும் பின்னால் தேதி, இடம், என்ன விசேஷம் என்று எழுதியிருக்க வேண்டும். ஃபைல் கொழுகொழுவென்று இருந்தால் கேள்வி குறையும் என்பது ஐவோனியின் சித்தாந்தம். அதைக் கேட்டுக்கேட்டு, புருஷன் பக்கத்தில் இல்லாத நாளில்கூட இந்தப் பெண்கள் இரண்டு தட்டு வைத்துப் படம் பிடிப்பார்கள்.

அன்று வைக்கோல் தொப்பியோடு விதாஸ் அவளைத் தூக்கிச் சுற்றினான், கூட்டம் கேட்டதற்கு முத்தமும் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அவள் பெரிய அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அவன் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு மாடி ஏறிவிட்டான். அவளுக்குப் பிரிவு அன்றைக்குத்தான். அவனுக்கு அது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் புதன்கிழமை தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நோரீனின் அலுவலகத்துக்குப் போனாள். மார்ச் பதினேழு என்றாள். மெத்தையைப் பற்றிச் சொன்னாள். ஐவோனி சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பாள் என்றாள். நோரீனின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, இன்றைக்கே பதிவு செய்துவிடலாம் என்றாள். பிறகு ஃபைலைப் புரட்டியவளின் கை ஓர் இடத்தில் நின்றது.

வைக்கோல் தொப்பி, வெள்ளை முக்காடு, முத்தம். பின்னால் ஜுஸாராவின் கையெழுத்தில் 'ஜூன் 25, ராஸ்காமன், எங்கள் இரண்டாவது கல்யாணம்.'

"இதை யாருக்காவது அனுப்பியிருக்கீங்களா?"

அனுப்பியிருந்தாள். அந்த வருஷம் செப்டம்பரில் குடியேற்ற அலுவலகம், கல்யாணம் இன்னும் இருக்கிறதா என்று ஆதாரம் கேட்டுக் கடிதம் போட்டிருந்தது. இந்தப் படம்தான் எல்லாவற்றுக்கும் மேலே போனது.

"அப்ப மார்ச்லயே பிரிஞ்சவங்க ஜூன்ல எப்படி முத்தம் கொடுத்தீங்கன்னு நிச்சயம் கேப்பாங்க. நாமே முந்திக்கிட்டு விளக்கம் எழுதிடணும். ஒண்ணு சொல்றேன் ஜுஸாரா, நீங்க அப்ப இதை அனுப்பியிருக்கவே வேண்டாம். ஒரே ரூம்ல தூங்கணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. விவாகரத்து ஆகற வரைக்கும் உங்க உரிமை அப்படியேதான் இருந்துது."

"அப்புறம் எதுக்கு போட்டோ கேட்டாங்க?"

"கேக்கறது அவங்க வழக்கம்."

ஜுஸாராவின் காது மடல் வரை சூடேறியது. வழக்கமாம். ஒரு பெண் மூன்று மாதம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு, அதைப் படம் பிடித்து, பின்னால் தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியது யாரோ ஒருவருடைய வழக்கத்துக்காக. சேர்ந்திருந்ததற்கு ஆதாரம் கொடு என்றார்கள், கொடுத்தாள். இப்போது பிரிந்திருந்ததற்கு ஆதாரம் கொடு என்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும்.

நோரீன் ஒரு தாளைத் தள்ளினாள். இந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், தட்டச்சு செய்து சத்தியப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஜுஸாரா எழுதினாள். 'அன்றைக்கு நாங்கள் பிரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திருவிழாக் கூத்தில் நடித்தோம். அவர் போட்டோவுக்காக நின்றார். நான் அதற்காக நிற்கவில்லை.'

நோரீன் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு பேனாவை எடுத்துக் கடைசி வரியின் மேல் மெல்லக் கோடு இழுத்தாள்.

"இது வேண்டாம். இந்த ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டு நீங்க இன்னும் சேர்ந்துதான் இருந்தீங்கன்னு வாதாடுவாங்க. அவர் எங்க தூங்கினார்னுதான் சட்டம் கேக்குது. உங்க மனசுல என்ன இருந்துதுன்னு கேக்கல."

கேட்காவிட்டால் போகட்டும் என்று ஜுஸாரா கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல இருந்தது. மதியம் மூன்றே காலுக்கு நீதிமன்ற அலுவலகத்து ஜன்னலில் மனு பதிவானது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் முத்திரையை இரண்டு தடவை குத்தினார், முதல் தடவை மை சரியாகப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விதாஸ் பெட்டிகளோடு சமையலறையில் நின்றான். டப்ளின் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவன் முகத்தில் நல்லது செய்தவனின் நிம்மதி இருந்தது. தேதியை நினைவுபடுத்தியது அவன்தானே.

"பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கோவம் இல்லையே?"

கை நீட்டினான். அவள் அந்தக் கையில் மனுவின் நகலை வைத்தாள்.

அவன் நின்றபடியே புரட்டினான். போட்டோவைப் பற்றிய பத்தி வந்ததும் சிரித்தான். "ஆமா, அந்தத் தொப்பி. போட்டோவுக்கு வா வான்னு நீதானே உயிரை எடுத்த."

"கூப்பிட்டேன். போட்டோவுக்குன்னு சொன்னாத்தான் நீ வருவேன்னு கூப்பிட்டேன். போட்டோவுக்காக நீ நின்ன. நான் நிக்கல. அன்னைக்கு ராத்திரி கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தேன்டா, மடச்சி மாதிரி. அதைக்கூட இதுல எழுத விடல."

அவன் சிரிப்பு நின்றது. தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மாடிப்படியைப் பார்த்தான்.

"நீ சொல்லவே இல்லையே, ஜு."

"சொல்லியிருந்தா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவளுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷத்துக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. அதைத் துப்பி வீணாக்க அவள் தயாராக இல்லை. மேசையில் இருந்த இன்னொரு தாளை அவன் பக்கம் திருப்பினாள். நகலை நேரில் பெற்றுக்கொண்டேன் என்று நோரீன் எழுதிக் கொடுத்திருந்த தாள் அது, மனு பதிவானபோது அவன் இந்த நாட்டில்தான் இருந்தான் என்பதற்குச் சாட்சி.

"கையெழுத்து போடு."

போட்டான்.

"கீழ தேதி."

இருபது, ஜூன் என்று எழுதிவிட்டுப் பெட்டியை எடுக்கக் குனிந்தான். அவள் பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"ஊர் பேரையும் எழுது. எனக்குத் தெரியற மாதிரி பெருசா எழுது."

அவன் மறுபடி பேனாவை எடுத்து, ராஸ்காமன், அயர்லாந்து என்று எழுதினான். அவள் தாளை வாங்கி எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டு, கதவைத் திறந்து விட்டாள்.