ரத்தினசாமி பார்க்காத ஒரே இடம்

நீர் ஆய்வு அதிகாரி ரத்தினசாமியால் வேலூரை விட்டு வெளியேற முடியாது என்பது, அவர் ஊர் திரும்ப வேண்டிய நாளில்தான் தெரிந்தது. காட்பாடியில் சென்னைக்கு ரயில் ஏறினார். வாலாஜா தாண்டும்வரை விழித்திருந்தார், பிறகு கண்ணயர்ந்தார், கடைசி நிறுத்தம் என்று யாரோ தட்டி எழுப்ப இறங்கினால் பலகையில் காட்பாடி என்றிருந்தது. மறுநாள் பஸ்ஸில் போனார். சத்துவாச்சாரியைக் கடந்து நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடிய பஸ், அவரை மட்டும் வேலூர் பஸ் நிலையத்திலேயே இறக்கிவிட்டது. உடன் வந்தவர்கள் சென்னையில் இறங்கி அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர், இருவரும் ஒரு கொய்யாப்பழத்தைப் பங்கிட்டுத் தின்றதாகவும் ஆள் எங்கே இறங்கினார் என்று கவனிக்கவில்லை என்றும் சொன்னார். வாடகைக் காரிலும் அப்படித்தான் ஆனது. அலுவலகத்துக்குத் தகவல் சொன்னதற்கு, முகாம் நீட்டிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. வேறு கேள்வி எதுவும் இல்லை.

அவர் வந்தது ஆம்பூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றங்கரையில் இருக்கும் மேட்டுக்கொல்லையில் விஜயகுமாரி என்பவளின் கிணற்றைப் பார்க்க. ஊருக்கு மேற்கே ஒரு டேனரி உண்டு. தோல் கழுவிய தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டால் அங்கே எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர் மண்ணுக்கு அடியில் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, பால் திரிந்துவிடும், குளித்தால் உடம்பு முழுக்கச் சொறி. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் விஜயகுமாரி, வருடக்கணக்கில் லீவு போட்டு லீவு போட்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, ஓர் அதிகாரி தண்ணீர் கெட்டது என்று எழுதிக்கொடுத்தால் காவிரிக் குடிநீர்க் குழாய் மேட்டுக்கொல்லைக்கும் வரும் என்ற இடத்துக்குக் காரியத்தைக் கொண்டுவந்திருந்தாள். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க வேண்டும். அந்த மகாராசன் டேனரி அனுப்பிய காரில் முதல் நாள் கோட்டையைச் சுற்றினார், அடுத்த நாள் ஏலகிரியில் படகு விட்டார், அதற்கடுத்த நாள் ஆம்பூர் பிரியாணியைக் கத்திரிக்காய்த் தொக்கோடு ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கி எழுந்து, லாட்ஜ் குளியலறைக் குழாயில் பாட்டிலை நிரப்பி, மேட்டுக்கொல்லைக் கிணறு என்று எழுதி ஒட்டினார். லாட்ஜ் குழாயில் வந்தது காவிரித் தண்ணீர். ஆகவே மேட்டுக்கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் காவிரிக்கு நிகரானது என்று அறிக்கை போனது. அங்கே வர வேண்டிய குழாய், நெடுஞ்சாலை ஓரம் ஆளே குடியேறாத ஒரு மனைப்பிரிவுக்குப் போனது. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

வேலூரில் நெடுநாள் தங்குகிறவர்கள் பொழுதை எப்படிப் போக்கலாம் என்பதை அதன் பிறகு ரத்தினசாமியைக் கேட்காமல் யாரும் முடிவு செய்ததில்லை. அகழியில் எந்த மாதம் தண்ணீர் ஏறும், ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்தில் எந்தத் தூணை எந்த வெயிலில் பார்க்க வேண்டும், காவலூரில் தொலைநோக்கி வழியாக வானம் பார்க்க எந்தக் கிழமை விடுவார்கள், ஆற்காட்டு மக்கன் பேடா எந்தக் கடையில் நன்றாக இருக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜுகளில் கிடக்கும் கல்கத்தாக்காரர்களுக்கும் அசாம்காரர்களுக்கும் அவரே துணை. போகப் போக வங்காளமும் பேசினார். ஸ்ரீபுரத்தில் அங்கப்பிரதட்சணம் செய்தார், ரத்தினகிரியில் முடி இறக்கினார், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டார். பலன் இல்லை. மனைவி மேகலா மாதம் ஒருமுறை வந்து, தடையில்லாமல் திரும்பிப் போனாள். மகள் கல்யாணத்தைச் சத்துவாச்சாரி மண்டபத்தில் வைத்தார்கள். அப்பளம், பாயசம், எல்லாம் அமோகம். அதே மாதம் விஜயகுமாரியின் மகள் எழிலரசியைப் பெண் பார்க்க வந்தவர்கள், திரிந்துபோன காப்பியையும் அவள் முழங்கைச் சொறியையும் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். மேட்டுக்கொல்லையில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வழக்கமே நின்றுபோனது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஒரு கலர் சோடாவை நீட்டிவிடுவார்கள். இங்கே ஒருத்தருக்கும் வயிறு எரியவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. எரிந்தது, அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்.

ஆறாவது வருடத்தில் டேனரி கார் ஓட்டும் ஷபீ அஹமதுதான் அதைச் சொன்னார். பாட்டில் நிரம்பியதைக் குளியலறை வாசலில் நின்று பார்த்தவர் அவர். இத்தனை நாள் வாயைத் திறக்காததற்கு வேலை போய்விடும் என்ற பயம் காரணம். அந்த வருடம் அவரே வேலையை விட்டுச் சொந்தமாக வண்டி வாங்கியிருந்தார். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது, இன்னும் பார்க்காத இடம் ஏதாவது இருக்கிறதா என்று ரத்தினசாமி வழக்கம்போலக் கேட்க, அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்க சார். பாக்க வந்தத மட்டும் பாக்கல."

மேட்டுக்கொல்லைக்குப் போகும் சாலை எந்தத் தகராறும் செய்யவில்லை. அது எப்போதும் திறந்துதான் இருந்தது. ரத்தினசாமி புது பாட்டிலோடு இறங்கி விஜயகுமாரியின் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனார். யார், எதற்கு வந்திருக்கிறார், ஏன் அவரால் ஊர் போக முடியவில்லை என்பதையெல்லாம் ஷபீ அஹமதே சொல்லிவிட்டார். கிணற்றில் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டால் இவருக்கு வழி திறந்துவிடும் என்றும் சொன்னார். அவள் சோடா நீட்டவில்லை. கிணற்றுக்கு மேலே போட்டிருந்த இரும்புக் கம்பி மூடியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க தண்ணிய நல்ல தண்ணின்னு எழுதினது நீங்கதானே சார்?"

ஆமாம் என்றார். சென்னைக்குப் போன உடனே அதை மாற்றி எழுதிவிடுவதாகச் சத்தியம் செய்தார், கைகூட எடுத்துக் கும்பிட்டார். கோபத்தில் அவளுக்குச் சத்தம் வராது, குரல் தாழ்ந்துபோகும்.

"நீங்க போய்ட்டீங்கன்னா எங்களுக்குன்னு எந்த ஆபீசர் இருக்கான்? மொதல்ல கொழா வரட்டும். அப்பறம் கெணறு தெறக்கறேன்."

ஊரில் இருந்த போர்வெல்களிலும் அதே தண்ணீர்தான், ஆனால் உத்தரவில் இருந்தது அந்தக் கிணறு, அதனால் அவற்றில் நிரப்பிய பாட்டில்களோடு அவர் காட்பாடிக்கே திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தார். கடைசியில் மேட்டுக்கொல்லையிலேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். ஒரே மாதத்தில் முடி கொட்டியது, முழங்கை தடித்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் போட்ட சண்டை இருக்கிறதே, விஜயகுமாரி அத்தனை வருடம் போட்டதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. தன் அலுவலகத்தில் யாரைப் பிடித்தால் எது அசையும் என்று அவருக்குத் தெரியும். தினம் காலையில் போனை எடுத்தால் மதியச் சாப்பாடுவரை கத்தினார். தன் அறிக்கை பொய் என்று தானே எழுதி அனுப்பினார். அவளுடைய மனுக்களைத் தூக்கிப் போட்ட அதே மேசைகளில் இவருடைய கடிதங்கள் நகர்ந்தன. அவள் சொன்னபோது பொய்யாக இருந்தது இவர் சொன்னதும் உண்மையாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, முன்பைவிட ஆத்திரம்தான் அதிகமானது.

குழாய் வந்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் ஒரு மணி நேரம். முதல் நாள் பருப்பு வெந்தது. அதைப் பார்க்கப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தார்கள். விஜயகுமாரி ஒரு சொம்புத் தண்ணீரை ரத்தினசாமியிடம் கொடுத்தாள், அவர் நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு பூட்டைத் திறந்தாள். அவர் பாட்டிலை நிரப்பி, காட்பாடியில் ரயில் ஏறி, வாலாஜா, அரக்கோணம் தாண்டிச் சென்னையில் இறங்கினார். அன்று ரயில் சரியான நேரத்துக்குப் போனது. நன்றி என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்?

ஊர்க்காரர்களின் சொறி போகவில்லை. போன தை மாதம் அதைப் பார்க்க ஒரு மருத்துவ அதிகாரி வந்தார். வேலூரில் லாட்ஜ் எடுத்து, மேட்டுக்கொல்லையில் தோல் வியாதியே இல்லை என்று அங்கிருந்தே எழுதி அனுப்பிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். வைகாசி பிறந்துவிட்டது, அவர் இன்னும் காட்பாடியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஷபீ அஹமது வண்டியில்தான் சுற்றுகிறார். வழியைச் சொல்லிவிடட்டுமா என்று ஷபீ அஹமது மேட்டுக்கொல்லைக்கு வந்து கேட்டார். கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விஜயகுமாரி டிபன் பாக்ஸை மூடினாள்.

"மெதுவா சொல்லலாம் பாய். நமக்கு இன்னும் ஒரு ஆஸ்பத்திரி வேணும்."

மறுநாள் அவர் மருத்துவரை வள்ளிமலைக்குக் கூட்டிப் போனார்.