மழைநாள் ஆசிட்

என் வீட்டுக்காரர் சன்னாசியை நான் திட்டாத நாள் கிடையாது. சொன்ன சாமானை ஒழுங்காக வாங்கி வரத் தெரியாது. பாசாருக்கு அனுப்பினால் எவனிடமாவது வாய் கொடுத்துக்கொண்டு நின்றுவிடுவார், இங்கே அடுப்பில் உலை காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் மகள் முத்தாயிக்கு வலிப்பு வந்துவிட்டால் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறவரும் அவர்தான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரம் துடைத்துவிட்டு, அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இருக்காது.

முத்தாயிக்கு ஒன்பது வயது. எந்த மாத்திரைக்கும் வலிப்பு கேட்கவில்லை. பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பிறகு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ஓடியாடுகிற பிள்ளையை எத்தனை நாள் வீட்டுக்குள் பூட்டி வைப்பது? அவளும் கேட்பாள், நானும் ஏதாவது பொய் சொல்வேன்.

நாங்கள் மம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தோம். தோட்டச் சம்பளம் பற்றாமல் இரண்டு பேருமே சுங்கை காடுட்டில் ஒரு மருந்துச் சரக்குத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனோம். அவர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கிறவராக இருந்தவர். வெயில் நாள், மழை நாள் பார்த்து ஆசிட் ஊற்றிப் பழகிய கை. அதனால் கலவைத் தொட்டியில் போட்டார்கள். எனக்கு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை.

அங்கே ரசாயனம் பார்த்தவர் விசுவநாதன். சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை, கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுப் படிக்கப் போனவர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவரிடம் கன்னபிடியால் செய்து தரச் சொல்லியிருந்தது. கஞ்சாச் செடியில் இருக்கிற சரக்குதான், ஆனால் போதை தராது. வலிப்புக்குக் கேட்கும் என்று எங்கோ பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். செடியே இல்லாமல் தொட்டியில் செய்ய வேண்டும். அதில்தான் வில்லங்கம். அதை உண்டாக்குகிற ஆசிட்டே கொஞ்சம் கூடிப்போனால் சரக்கை மாற்றிவிடும், போதை தருகிற அந்த இன்னொன்றாக. கஞ்சாவுக்குத் தூக்கு என்று ஊரெல்லாம் போர்டு வைத்திருந்த காலம் அது. அரசாங்கத்திடம் தனி பெர்மிட் வாங்கித்தான் இந்த வேலையே நடந்தது.

விசுவநாதன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து, நிறம் காட்டுகிற மருந்து தெளித்தால் ஆரஞ்சுப் பொட்டு மட்டும் வர வேண்டும். பக்கத்திலேயே போதைச் சரக்கின் சிவப்புப் பொட்டும் வந்துகொண்டே இருந்தது. ஆசிட்டைக் குறைத்தார், பாத்திரத்தை ஐஸில் வைத்தார், சொட்டுச் சொட்டாக விட்டுச் சட்டென்று நிறுத்தினார். ஒரு நாள் தகட்டில் ஆரஞ்சு மட்டும் நின்றது. மனுஷன் தகட்டைக் கீழே வைக்கவே இல்லை.

"பெரிய தொட்டியிலயும் இப்படி வந்தாப் போதும், நீலாவதி. ஆஸ்பத்திரியில பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பாப்பாங்க. முத்தாயி பேரைத்தான் மொதல்ல சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

"வரலன்னா, சார்?"

"அதிகாரி முன்னாலதான் டெஸ்ட்டு. சிவப்பு தெரிஞ்சா பெர்மிட்டப் புடுங்கிருவாங்க. அப்புறம் இந்த நாட்டுல ஒருத்தனையும் இதத் தொட விடமாட்டாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்.

பெரிய தொட்டி ஓடிய நாளில் காலையிலிருந்தே மழை. விசுவநாதன் ஆசிட்டைத் தானே அளந்து தொட்டிக்கு மேலே இருந்த குப்பியில் ஊற்றிவிட்டு, "இது எறங்கி முடிஞ்சதும் கூப்பிடுங்க, சன்னாசி" என்று சொல்லி, அதிகாரியை அழைத்துவர வாசலுக்குப் போனார். வேறு ஒன்றையும் ஊற்றக் கூடாது என்று தனியாகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

மத்தியானம் டெஸ்ட். தொட்டி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிகாரி பக்கத்தில் நிற்க, நான் தகட்டை நீட்டினேன், விசுவநாதன் மருந்து தெளித்தார். சிவப்பு முதலில் வந்தது. ஆரஞ்சு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இன்னொரு தகடு, இன்னொன்று. எல்லாம் அப்படியே. "மாஃப் லா" என்று அந்த மலாய்க்கார அதிகாரி வருத்தமாக மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொட்டிக்கு சீல் வைத்தார். அவ்வளவையும் எரித்துவிடுவார்களாம், பெர்மிட்டும் போனதுதான்.

விசுவநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பெரிய தொட்டிக்குக் குளிரு பத்தல போல. எங் கணக்குத்தான் தப்பு" என்றார். என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்தேன். மழை விட்டிருந்தது. அவர் தேத்தண்ணி கலந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். முத்தாயி பாயில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நான் பயந்தே போயிட்டேன், நீலா. குப்பி முழுக்க எறங்கிருச்சு, உள்ள தண்ணியாட்டம் கெடக்கு. ஒறைஞ்சு பிடிக்கவே இல்ல. மழ நாளு வேற. பால் ஸ்டோருல மழத்தண்ணி கலந்த பாலு லேசுல ஒறையாதுல்ல, ஒரு கொவள கூட ஊத்துவோம். அதே மாதிரி கேன்ல மிச்சமிருந்த ஆசிட்ட ஒரு கொவள ஊத்திட்டேன். அப்புறந்தான் சாரக் கூப்பிட்டேன். நம்ம புள்ளைக்குப் போற மருந்தாச்சே, கொறையா இருந்துறக் கூடாதுல்ல."

உப்பு வாங்க மறந்ததற்கே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவள் நான். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது? நாளைக்கு வேலைக்குப் போனால் மருந்து இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஏன் இல்லை என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரொட்டி பாயில் விழுந்தது. முத்தாயியின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. வழக்கம்போல அவர்தான் முதலில் ஓடினார். ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயில் இருந்ததை வழித்தெடுத்தார். நான் தலைக்கடியில் துணியைச் சுருட்டி வைத்தேன். வேறு செய்வதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை. சின்ன உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"இன்னும் கொஞ்ச நாளுதாம்மா. அப்பா செஞ்ச மருந்து வந்துரும்" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆசிட்டு போதுமா இருந்துச்சா, நீலா?"

"போதும்" என்றேன்.