பின்னால் நடந்து இழுத்தவன்

சாய்ந்தமருதில் லைலாவுக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. ஆழ்கடலுக்குப் போன அவள் புருசன் ஸஹீதின் படகு காணாமல் போய் வருசம் ஒன்று தாண்டிவிட்டது. இத்தா இரு, வெள்ளை உடு, வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இரு, அவன் பேரில் கத்தம் ஓது என்று ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். சொல்ல என்ன, வாய்தானே! எல்லோரையும் விட அதிகம் சொன்னது அவளைப் பெற்ற உம்மாதான். புருசன் மவுத்தானவள்தானே இத்தா இருக்க வேண்டும், என் மனிசன் செத்ததைக் கண்டது யார் என்று லைலா திருப்பிக் கேட்பாள். திசைமாறிப் போன படகுகள் அந்தமானில் ஒதுங்கி, ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது இந்தக் கரையில் நடக்காததா?

அன்று பகல் தம்பி நஜீம் வீடியோவில் வந்தான். வெளிநாட்டில், கப்பல் கட்டும் துறையில் வெல்டிங் வேலை அவனுக்கு.

"ராத்தா, இன்னா பாருங்க, நாங்க கட்டுற கப்பல!"

போனை மேலே திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான், கப்பல் முடியவில்லை. தட்டுக்கு மேல் தட்டு. கண்ணாடி போடாத சன்னல்கள் பொந்து பொந்தாய்த் தெரிந்தன. பாதி உடம்புக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை.

"யா அல்லாஹ், இது கப்பலா, ஊரா?"

"பணக்காரர் உலகம் சுத்துற கப்பல் ராத்தா. நம்மட ஊரே ஏறினாலும் இடம் மிஞ்சும். மேல நீந்திக் குளிக்கத் தொட்டியும் வருதாம்."

"கடலுக்குள்ள போய்த் தொட்டியில குளிக்கப் போறாங்களா? கொழுப்பு!" என்றார் உம்மா அடுப்படியிலிருந்து. லைலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த வாய் அப்படியே நின்றது. கப்பலின் அடியில் ஒருவன் தடித்த வயர் இழுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வயரைத் தோளில் போட்டு முன்னால் நடக்க, இவன் மட்டும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை ஊன்றி, அடி அடியாகப் பின்னால் நடந்து இழுத்தான். முதுகுதான் தெரிந்தது. கரைவலை இழுத்துப் பழகியவனைத் தவிர வேறு எவன் அப்படி இழுப்பான்? ஸஹீத் படகேறுவதற்கு முன் கரைவலையில் வளர்ந்தவன்.

"நஜீம், அது மச்சான்டா!"

"எங்க ராத்தா?"

"அந்த வயர் இழுக்கிறவரு! ஏதோ கப்பல் காப்பாத்தி அங்க கொண்டு விட்டிருக்கும். கடதாசி இல்லாம வர ஏலாமக் கிடக்காரு. ஓடுடா, கூப்பிடு!"

ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் இடம். அவன் யாரென்று நஜீமுக்கும் தெரியாது. பாவம், தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. ஓடினான். திரையில் இரும்பும் தரையும் வானமும் குலுங்கின. லைலா முந்தானையைத் தள்ளி, கலைந்த முடியை அவசரமாகக் கையால் வாரிக்கொண்டாள். அவர் பார்க்கப் போகிறாரே!

வயர் இழுத்தவன் திரும்பினான். தொப்பியைக் கழற்றினான். மீசை அரும்பிய இளம் பொடியன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சிரித்தான்.

நஜீமின் குரல் கேட்டது. "ராத்தா... இவரு வங்காளதேசம். ஊரில இவரும் வலை இழுத்தவராம்."

வலை இழுக்கும் கடற்கரை உலகத்தில் ஒன்றா இருக்கிறது? இது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்ற விட்டிருக்கவும் மாட்டாள்.

லைலா ஸலாமுக்குப் பதில் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

"போன வை தம்பி. வேற ஆம்புளைக்கு முன்னால நான் இனி இரிக்கக் கூடாது."

உம்மா ஓடி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து முகத்திலிருந்து இழுத்தார்.

"வேணாம் மகள்... இன்னும் கொஞ்ச நாள் பாப்பம். வருவாரு மகள், வருவாரு."