ஆறும் கறுப்பில்

ஞானையனுக்கு ரிவால்வர் உரிமம் கிடைத்தபோது அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறவர். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு நரம்பு அகப்படவில்லை என்றால் நர்ஸுகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்தில் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். இப்போது அவரை ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கை ஆண்டுக்கு ஆண்டு மோசமாகும் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார். நடுக்கத்தைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு. துப்பாக்கிப் போட்டிகளில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். ஞானையன் போட்டிக்குப் போகிறவர் இல்லை. ஆனால் அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்க மாட்டார்கள்.

ரைஃபிள் கிளப்பில் அவர் சேர்ந்து ஆறு ஆண்டு ஆகிறது. ஞாயிறு காலை தேவாலயம் முடிந்ததும் நேராக அங்கே போவார். இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு தாள் தொங்கும். நடுவில் சின்ன தோசை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். ரிவால்வரில் ஆறு தோட்டா. ஆறும் கறுப்புக்குள் விழ வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் நாலு விழும், நல்ல நாளில் ஐந்து. ஆறு ஒருமுறையும் விழுந்ததில்லை. பதினெட்டுப் பேர் கையில் புரளும் துப்பாக்கியில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது, சொந்தமாக ஒன்று இருந்தால் விழும் என்று நம்பினார்.

உரிமத்துக்கு மனுப் போடும்போது காரணம் என்ற இடத்தில் "விளையாட்டு" என்று எழுதத்தான் இருந்தார். கலெக்டரேட் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் தடுத்தார். விளையாட்டு என்றால் போட்டிச் சான்றிதழ் கேட்பார்கள், உங்களிடம் அது இல்லை, தற்காப்பு என்று போடலாம் என்றார். மலையடிவாரத்து வித்துராவில் ஞானையனுக்கு நாற்பது சென்ட் ரப்பர்த் தோட்டம் உண்டு. பால் வெட்ட விடியுமுன் தனியாக அந்த வழியில் போக வேண்டியிருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்று எழுதினார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் யாரிடமிருந்து ஆபத்து என்று கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் கை நன்றாக இருந்த காலத்தில் வாங்கியது. இடையில் கோவிட் வந்து போனது. மனுப் போட்ட நாலாம் ஆண்டு ஜனவரியில் உரிமம் கைக்கு வந்தது. கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தம்பானூர் பக்கம் ஒரு சந்தில் ஷாஜியின் துப்பாக்கிக் கடை. பணம் சேர்த்துக்கொண்டு பிப்ரவரிக் கடைசியில் அங்கே போனார். ஷாஜி மேஜைமேல் துணி விரித்து இரண்டை எடுத்து வைத்தார்.

"இது புதுசு சாரே, நம்ம நாட்டு மேக். கனமே இல்ல. மற்றது பழைய இங்கிலீஷ். பொன்முடி எஸ்டேட்டிலே ஒரு மேனேஜர் வெச்சிருந்தது. ஆளு மரிச்சு. மக்களெல்லாம் வெளிநாடு, ஆர்க்கும் வேண்டா."

ஞானையன் புதியதை எடுத்து, கை நீட்டி, எதிர்ச்சுவர்க் காலண்டரைக் குறி பார்த்தார். குழலின் முனையில் நிற்கும் குறிமுள் இலையில் உட்கார்ந்த ஈபோல அலைந்தது. கீழே வைத்தார். பழையது முழு இரும்பு. மணிக்கட்டை இழுத்தது. முள் அதிலும் நடுங்கியது, ஆனால் சோம்பலாக நடுங்கியது. அசைவுக்கும் அசைவுக்கும் இடையில் ஒரு நொடி சும்மா இருந்தது. அந்த நொடி போதும் என்று நினைத்தார்.

ஷாஜி அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "சாருக்குக் கை கொஞ்சம்..."

"காலையில ஒண்ணும் திங்கல்ல."

ஷாஜி பழையதைக் கையில் வாங்கினார். மேல் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் விசைக்கு எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்று காட்டினார். ஞானையன் செய்து பார்த்தார். சுத்தி பின்னால் வந்து உட்காரும் சத்தம் நல்ல பூட்டின் சத்தம்போல இருந்தது. இன்னொரு தடவை செய்தார். ஷாஜி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

தோட்டா ஆண்டுக்கு ஐம்பது. ஒரு நேரத்தில் இருபத்தைந்துதான் தருவார்கள். விளையாட்டு உரிமம் என்றால் இதற்குக் கணக்கே வேறு. தற்காப்புக்கு இவ்வளவுதான்.

அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரவுச் சாப்பாட்டுக்குமுன் வெறும் துப்பாக்கியில் பிளாஸ்டிக் தோட்டா போட்டு, சுவர் ஸ்விட்சைப் பார்த்து இருபது முறை விசையை இழுப்பார். சுத்தி, மூச்சு, முள், விசை. மனைவி லீலாபாய் மீன் கழுவிக்கொண்டே பார்ப்பாள். துப்பாக்கி அவள் பேச்சில் தோக்கு.

"இந்த வீட்டுல கள்ளன் ஏறினா, பாவம்னு அவன்தான் எதாவது வச்சிட்டுப் போவான். இதுக்குத் தோக்கு ஒண்ணு வேற."

"நீ மீன முள்ளில்லாம வையி. நான் முள்ளத்தான் பாக்கேன்."

"பாருங்க, பாருங்க. ஸ்விட்சு செத்துப்போவும்."

முதல் ஞாயிறு பன்னிரண்டு தோட்டா. முதல் ஆறில் மூன்று கறுப்பில் விழுந்தன. இரண்டாவது ஆறில் ஐந்து. அடுத்த ஞாயிறு நாலு, பிறகு ஐந்து. அந்த ஆறாவது தோட்டா வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த ஷிஜா தாளருகே போய்க் குனிந்து பார்த்தாள். அவள் அப்பா தென்காசியிலிருந்து சாலை என்ற கடைவீதிக்குப் பிழைக்க வந்தவர். அவள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே கிளார்க் ஆனவள்.

"ஒரு விரல் அண்ணா! ஒரு விரல் உள்ளே வந்திருந்தா எனக்கு பிரியாணி."

"எனக்கு வந்தா ஒனக்கு என்னத்துக்குப் பிரியாணி?"

"பின்னே, கண்டுநின்ன கூலி வேண்டாமா?"

மார்ச்சில், மூன்றாம் வாரம், மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். விளையாட்டு உரிமத்துக்கு விலக்கு உண்டு. ஷிஜாவின் துப்பாக்கி அவளிடமே இருந்தது. தற்காப்புக்கு விலக்கு இல்லை. வித்துரா வழியின் இல்லாத எதிரி இப்படி வந்து சேர்ந்தான்.

ஞானையன் சாலைக் கடைவீதியில் மைதீன் என்ற தோல் வேலைக்காரரிடம் போனார். அடி மூடிய, மேலே பொத்தான் வைத்த, தடித்த மாட்டுத்தோல் உறை ஒன்றை அளவெடுத்துத் தைக்கச் சொன்னார். மைதீன் நான்கு நாளில் கொடுத்தார். ரிவால்வரைத் துடைத்து அதில் போட்டு, பொத்தானை மாட்டி, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

சஜின் என்ற இளம் காவலர் பதிவேட்டில் எண்ணைக் குறித்தார். "கவர் வேண்டா சாரே. தோக்கு மட்டும் போதும்."

"அது எப்படி? உள்ள பத்துத் தோக்கு கெடக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒரசும்."

"இங்க உள்ளதெல்லாம் அப்படித்தான் கிடக்குது."

"அவனுவ கெடக்கட்டும். இது உறையோடதான் கெடக்கும்."

சஜின் உறைக்கு வெளியே சீட்டுக் கட்டினார். "என்னெ எங்க அம்மா ஸ்கூலுக்கு விட்டப்பகூட இப்படிப் பொதிஞ்சில்ல."

ஏப்ரலில் புழுக்கம். மாதக் கடைசியில் வாக்குப்பதிவு. மே முழுக்கக் காத்திருப்பு, கடைசி வாரம் மழை இறங்கியது. ஜூனில் முடிவு வந்தும், திருப்பிக் கொடுக்கும் உத்தரவு நிலையத்துக்கு வரவில்லை. ஞானையன் மூன்று தடவை போய்வந்தார். இதற்குள் வீட்டில் அவருடைய டீக்கோப்பை மாறியிருந்தது. கைப்பிடியுள்ள பெரிய ஸ்டீல் கோப்பையில் லீலாபாய் பாதிதான் ஊற்றினாள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அவர் காசோலையை வங்கி ஒருமுறை திருப்பி அனுப்பியது. ஆனால் ஸ்விட்சைப் பார்த்துக் குறி வைக்க வீட்டில் துப்பாக்கி இல்லாததால், கை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அவர் அளந்து பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில் கிடைத்தது. உறையின் மேல் பச்சைப் பூஞ்சை. பொத்தானைக் கழற்றி இழுத்தபோது துப்பாக்கி லேசில் வரவில்லை. வந்தபோது தோல் பட்ட இடமெல்லாம் பழுப்பாக இருந்தது.

ஷாஜி அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"தோலுறையிலயா வெச்சீங்க? மூணு மாசமா? என்றெ சாரே! தோல் ஈரத்தைக் குடிச்சு இரும்புக்குக் கொடுக்கும். தோலைப் பதம் போட்ட உப்பு வேற. அடியும் மூடியிருக்கு, வெள்ளம் எங்க போகும்?"

"எனக்கு ஆரும் சொல்லல்ல."

"சார் கேட்கல்லயே. கவர் இல்லாம எண்ணெய் போட்டு ஒரு துணியில சுத்திக் கொடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

வெளித்துரு தேய்த்ததில் போனது. குழலின் உள்ளே, வாய்ப்பக்கம், சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. அதை எதுவும் செய்ய முடியாது. வேறு குழல் கிடைக்காது.

"சுடலாம் சாரே. ஆபத்தில்ல. பட்சே குண்டு எங்க போகும்னு நான் பொறுப்பேற்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஞானையன் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டின் மிச்ச இருபத்தைந்து தோட்டாவையும் வாங்கிக்கொண்டார்.

ஜூலையில் மழை விட்ட ஒரு ஞாயிறு. ரேஞ்சில் நாலைந்து பேர்தான். ஞானையன் ஆறு சுட்டார். இரண்டு கறுப்பில். இரண்டு கையாலும் பிடித்து மறுபடி ஆறு சுட்டார். இடது கை வலது கையைத் தாங்குவதற்குப் பதிலாக அதன் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. கறுப்பில் ஒன்று. இரண்டு தாளிலேயே இல்லை. பின்னால் மண்மேட்டுக்குப் போயிருந்தன.

"பேரல்," என்றார்.

"பேரல்தான் அண்ணா," என்றாள் ஷிஜா. "ஷாஜியேட்டனே சொல்லியாச்சே."

"நீ ஆறு போட்டுப் பாரு."

"வேண்டா. அண்ணன்கிட்ட உள்ளதே கொஞ்சம். எனக்குப் பழக்கமில்லாத தோக்கு வேற."

"பேரல் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியணும்லா. தெரிஞ்சா அதுக்கேத்தபடி புடிக்கலாம். போடு பிள்ளே."

அவர் தோட்டாக்களை நிரப்பினார். ஒன்று கைநழுவி உருண்டது. அது மேஜைக்கடியில் போய் நிற்கும்வரை ஷிஜா தன் காதுமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பிறகு நின்று, இடது கையைப் பைக்குள் விட்டு, சுட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. இடையில் கையை இறக்கி மூச்சு வாங்கினாள். நாலு, ஐந்து. ஆறாவதுக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

தாளை அவளே கொண்டுவந்தாள். ஐந்து துளைகள் கறுப்புக்குள், ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடிவிடலாம். ஆறாவது வெள்ளையில், தாளின் வலது மூலையில்.

"கண்டா? பேரல் சதிக்குது. அஞ்சு சரியா போகும், ஒண்ணு தெறிக்கும். இதை வெச்சு அண்ணன் என்ன, ஆரு சுட்டாலும் இதே கதைதான்."

ஞானையன் தாளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஆறு ஆண்டு அவள் பின்னால் நின்று பார்த்தவர். ஆறாவது குண்டு புறப்படுமுன் அவள் தோள் ஒரு அங்குலம் வலப்பக்கம் திரும்பியதைப் பார்த்திருந்தார்.

"ஆறாவத ஏன் வெளிய விட்டே?"

"அண்ணா, சத்தியமாயிட்டும்..."

"ஞாயித்துக்கிழமையாக்கும். சத்தியம் பண்ணாதே. அஞ்சு குண்டு நேராப் போட்ட பேரலுக்கு ஆறாவதுல மட்டும் என்ன கோவம்?"

ஷிஜா தாளை மடித்தாள். தூரத்தில் யாரோ ரைஃபிளில் ஒன்று சுட்டார்கள்.

"மறுபடி ஆறு," என்றார். "பொய் சொல்லாமச் சுடு."

"எனக்கு முடியாது."

"எனக்கு முடியாததுக்குத்தான் ஒன்னக் கேக்கேன்."

அவள் சுட்டாள். இந்தத் தடவை எங்கும் அதிக நேரம் எடுக்கவில்லை. தாளைக் கொண்டுவரவும் போகவில்லை. ஞானையன்தான் நடந்து போனார். ஈர மண்ணில் செருப்பு ஒட்டியது. தாள் முன் நின்று எண்ணினார். எண்ணத் தேவையிருக்கவில்லை, வெள்ளை முழுக்க வெள்ளையாக இருந்தது. கறுப்பில் ஆறு. அவருடைய துப்பாக்கி, அவருடைய தோட்டா.

திரும்பி வந்தபோது ஷிஜா ரிவால்வரைத் திறந்து வெற்றுத் தோட்டாக்களை எடுத்து வரிசையாக வைத்திருந்தாள்.

"மணல்மூட்டை மேலே கையை வெச்சுச் சுடலாம் அண்ணா. நிறையப் பேரு அப்படிச் செய்யாங்க. அதுலயும் ஒரு ரசம் உண்டு."

"அது தோக்கு சுடுதது. நான் சுடுததில்ல."

"பின்னே என்ன பண்ணப் போறீங்க?"

"ஷாஜிகிட்டச் சொல்லணும். வேற லைசன்ஸ்காரன் எவனாவது வந்தா குடுத்துரட்டும்." ரிவால்வரை அவள் பக்கம் தள்ளினார். "ஒனக்கு வேணுமா? பேரலுக்கு ஒண்ணுமில்ல. நீயே பாத்தியே."

"வேண்டா."

"நல்ல தோக்கு பிள்ளே."

"அதனாலதான் வேண்டா."

மேற்கில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. ஞானையன் பெஞ்சில் உட்கார்ந்து குழலைத் துடைக்க ஆயத்தமானார். சுட்டபின் கரியோடு வைக்கக் கூடாது; இன்னொருவருக்குப் போகும் துப்பாக்கி என்றால் கட்டாயம் கூடாது. துடைக்கும் கம்பியின் நுனியில் ஒரு நீளத் துளை உண்டு. அதில் சதுரத் துணியைச் செருகி, எண்ணெய் தொட்டு, குழலுக்குள் விட வேண்டும். துணி துளைக்கு இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம் போனது. நுனியை நாக்கில் நனைத்துப் பார்த்தார். மறுபடி இடப்பக்கம்.

"தாங்க அண்ணா." ஷிஜா கை நீட்டினாள்.

அவர் கம்பியைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "நீ போ. மழை வரும். பஸ்ஸு கெடைக்காது."

அவள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மழை தகரக்கூரையில் இறங்கியது. காவலாளி வந்து, ரேஞ்சைப் பூட்ட நேரமாயிற்று என்றார். ஞானையன் தலை நிமிராமல், "பத்து நிமிசம்," என்றார். அரைமணி கழித்தும் அதையே சொன்னார்.