ஒருசந்தி இருந்த கிளிக்குஞ்சு

அன்று காலை என் மனைவி அல்போன்சா கிளிக்குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பொட்டுக்கடலை மாவை வெந்நீரில் குழைத்து, ஒரு சொட்டைத் தன் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்து, ஓரங்களை உள்பக்கமாக மடித்த தேக்கரண்டியால் அதன் அலகுக்குள் விட்டாள். குஞ்சுக்கு அப்போது பாதி உடம்பில்தான் இறகு இருந்தது. மீதி இடமெல்லாம் முள் முள்ளாகக் குருத்து. அது குனிந்து இறக்கைகளை நடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டி, எண்ணெய் காணாத கதவைப்போல் கிறீச்சிட்டுக்கொண்டே விழுங்கியது.

"என் காப்பி ஆறிப் பத்து நிமிஷமாச்சு. உன் புள்ளைக்கு மட்டும் சூடு பாத்து ஊட்டுற" என்றேன்.

"நீங்களும் இதுமாதிரி றெக்கையை ஆட்டிக் கேளுங்க, ஊட்டுறேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி இந்தக் கூத்து?"

"நாலு வாட்டி. இன்னும் தானா தின்னத் தெரியாதே அதுக்கு" என்று சொல்லி, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கீரை வாங்கப் போனாள்.

1931, மார்ச் மாதம், வியாழக்கிழமை. காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். நான் ஆபீஸுக்குக் கிளம்பி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வெடிபோல் ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் லாரி என்று நினைத்து அடுத்த காலுக்குக் கயிறு கட்டினேன். அந்தச் சத்தத்தில் மிரண்ட ஜட்கா வண்டிக் குதிரை அதற்குள் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தவள்மேல் வண்டியைச் சாய்த்துவிட்டிருந்தது. "கிளார்க் சாரே! ஜல்தி வாங்க!" என்று யாரோ கத்தினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கவிழ்ந்த வண்டியின் ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கீரைக்கட்டு அவிழவேயில்லை. அல்போன்சா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடந்ததுபோல் இருக்கிறது. எங்கள் ஜனத்தில் சாவு விழுந்த வீட்டில் மூன்றாம் நாள் பூசை முடியும்வரை அடுப்பு மூட்டமாட்டோம். அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவருவார்கள். கொண்டுவந்தார்கள். என்னை உட்காரவைத்துத் தின்னச் சொன்னார்கள். நானும் தின்றேன்.

குஞ்சின் கூடை ஹாலின் மூலையில் இருந்தது. வீட்டில் உடலைக் கிடத்தியிருந்த நேரம் முழுக்க அது ஓயாமல் கத்தியது. எல்லோரும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னபோது அதுவும் கூடை விளிம்பைப் பார்த்துக் குனிந்து, இறக்கை நடுங்க, தலையை ஆட்டி ஆட்டிக் கத்தியது.

"ஐயோ சேசுவே, பாருங்கம்மா! இந்த வாயில்லாச் சீவனும் அழுவுது" என்றார் பக்கத்து வீட்டு பிரிஜெட் அக்கா.

அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கல்லறையிலிருந்து திரும்பியதும் கூடையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. ஒருத்தி கொய்யாத்துண்டு வைத்தாள். ஒருத்தி ஊறவைத்த கடலை வைத்தாள். இன்னொருத்தி ஆறின பாலில் ரொட்டியை நனைத்து வைத்தாள். குஞ்சு எதையும் தொடவில்லை. எங்களைப் பார்த்துக் கத்தியது.

"ஒண்ணும் தின்ன மாட்டேங்குது. தவக்காலமில்ல, எசமானிக்காக ஒருசந்தி இருக்குது" என்றார் பிரிஜெட் அக்கா. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நாங்கள் இருக்கிற நோன்புக்கு ஒருசந்தி என்று பெயர்.

"எம் மருமவ எனக்காக ஒருசந்தி இருப்பாளா? ஒரு வெத்தலையைக் கூட விடமாட்டா" என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி. சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அது அழுகிறது என்று நானும்தான் நம்பினேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எனக்குப் பதிலாக இதாவது அழுகிறதே என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் சத்தம் நின்றது.

"அப்பாடா, அடங்கிடுச்சு. மனசு தேறிக்கிச்சு போல" என்றாள் என் அக்கா பவுலின். கோலார் தங்கவயலிலிருந்து சாவுக்கு வந்திருந்தாள்.

கூடையைத் துணியால் மூடலாம் என்று போனேன். குஞ்சு ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. கையில் எடுத்தேன். எடையே இல்லை. நடு மார்பெலும்பு பேனாக்கத்தியின் முதுகுபோல் விரலில் இடித்தது. அவள் ஊட்டி முடித்தால் கழுத்துக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து நிற்கும் இரைப்பை வெறும் தோலாகத் தொங்கியது. கால்கள் சில்லென்றிருந்தன.

அது அழவில்லை. நேற்றுக் காலையிலிருந்து சோறு கேட்டுக்கொண்டிருந்தது. சூடான மாவை ஒருவர் வாயில் ஊட்டினாலொழிய தின்னத் தெரியாத குஞ்சு அது. சுற்றிலும் நின்று முப்பது பேர் வேடிக்கை பார்த்தோம். அதன் பசியைப் பார்த்து நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன்.

அதை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, அடுப்பில் விறகை வைத்தேன்.

"டேய் ஆம்ப்ரோஸ், என்னடா பண்ற?" என்று பவுலின் வந்து கையைப் பிடித்தாள். "நாளைக்குப் பூசை முடியாம இந்த வீட்ல புகையக் கூடாது. ஒரு பட்சிக்காகவா? அவ ஆத்துமாவுக்கு ஆகுமாடா?"

"சாகுதுக்கா. நாமதான் பட்டினி போட்டுக் கொன்னுக்கிட்டு இருக்கோம்!"

நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. பிரிஜெட் அக்கா வாசலில் வந்து நின்று துண்டுக்குள் பார்த்தார். "அடுப்பை விடு தம்பி" என்று சொல்லி ஓடினார். அவர் செம்பில் வெந்நீரோடு திரும்பி வந்தபோது வேகத்தில் தளும்பிப் பாதி அவர் காலிலேயே சிந்தியிருந்தது. "நாந்தானே ஒருசந்தின்னு சொன்னேன். பாவி, நாந்தானே சொன்னேன்."

மாவைக் குழைத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். கரண்டியை அலகில் வைத்தேன். திறக்கவில்லை. மாவு வழிந்து துண்டில் விழுந்தது. அல்போன்சா அலகின் இரண்டு பக்கமும் விரல் வைத்து லேசாக அமுக்குவாள் என்பது நினைவுக்கு வந்தது. அமுக்கினேன். ஒன்றுமில்லை. பிரிஜெட் அக்கா அதன் கால்களைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பவுலின் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். மறுபடியும் அமுக்கினேன். தொண்டை ஒருதரம் அசைந்தது. பிறகு தலை, மிக மெதுவாக, மேலே வந்து கீழே போனது.

மூன்று கரண்டி விழுங்கியது. தோலுக்கடியில் வெதுவெதுப்பாக ஒரு கட்டி ஏறுவதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் பூசைக்குப் போகும் முன்பும் ஊட்டினேன். திரும்பி வந்து நான் வாசற்படி ஏறியதும் அது குனிந்து இறக்கை நடுங்கக் கத்தியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி மாவைக் குழைத்து, அலகோரம் வழியும்வரை ஊட்டினேன். அப்போதும் கத்தியது. ஒரு வாரம் இப்படியே போனது. இரைப்பை வெடித்துவிடும்போல் புடைத்திருக்கும். அப்படியும் என்னைக் கண்டால் நடுங்கிக் கத்தும்.

"இன்னுமா பசி அதுக்கு?" என்றாள் பவுலின்.

ஒருநாள் மாவு தீர்ந்துவிட்டது. கொடுக்க ஒன்றும் இல்லாமல் அதன் பின்கழுத்தில் வெறும் விரலை வைத்தேன். சத்தம் நின்றது. தலையை என் விரலோடு சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. விரலை எடுத்தால் மறுபடியும் கத்தல். அதற்கு வேண்டியிருந்தது பக்கத்தில் ஒரு ஆள். சோற்றுக்கும் துணைக்கும் அது ஒரேமாதிரிதான் கேட்கிறது. அதன் பசியை நான் அன்பு என்று எண்ணினேன். அன்பைக் கேட்டபோது பசி என்று எண்ணித் திணித்தேன். ஒவ்வொரு தடவையும் ஊட்டுவதற்கு முன்னால் அல்போன்சா அதன் கழுத்துக்குக் கீழே இரைப்பையை விரலால் தொட்டுப் பார்ப்பாள். கொஞ்சுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இது நடந்து பத்து வருடமாகிறது. கிளி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. இறகு முழுக்க வந்தபிறகு பெயர் வைக்கலாம் என்று அல்போன்சா சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு இன்றுவரை பெயர் இல்லை.